முதலில் யாரைப் பார்ப்பது?

நான்கு விடையும் சரியாக இருக்கிற ஒரு பரீட்சையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவர் ஒரு தடவை என் கையில் அகப்பட வேண்டும். அடிக்க மாட்டேன். கண்டியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு திங்கட்கிழமைக் காலையில் எங்கள் வார்ட்டின் நடுவில் நிறுத்துவேன். ஒரு கட்டிலில் சேலைன் முடிந்து கிடக்கும். அடுத்த கட்டிலில் ஒருவர் வாந்தி எடுப்பார். மூன்றாவது கட்டிலைச் சுற்றி ஒரு வான் நிறையச் சொந்தக்காரர்கள் தம்பிலி இளநீர்க் குலையோடு நிற்பார்கள். வாசலில் பெரிய டொக்டர் ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருப்பார். "இப்ப சொல்லுங்க, முதலில் யாரைப் பார்ப்பீங்க?" என்று கேட்பேன். எங்கள் வார்ட்டில் இதற்கு ஒரே விடைதான். பெரிய டொக்டரை.

வெளிநாட்டில் நர்ஸாக வேலை செய்வதற்கான உரிமப் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்த காலம் அது. கம்ப்யூட்டரில் எழுதுவது. சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமாக வருமாம். ஆகவே கேள்வி கஷ்டமாக வந்தால் சந்தோஷப்பட வேண்டும், இலேசாக வந்தால் பயப்பட வேண்டும். எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவாக நினைக்கும்போது நின்றுவிடும்.

அதன் சட்டதிட்டங்கள் தனி. முதலில் நோயாளியை நன்றாகப் பார், பிறகு செய். நீ செய்யக்கூடியது ஏதாவது மிச்சம் இருக்கும்வரை டொக்டரைக் கூப்பிடாதே. ஆனால் பார்க்க வேண்டியதையெல்லாம் கேள்வியிலேயே சொல்லிவிட்டார்கள் என்றால், திரும்பப் பார்த்துக்கொண்டு நிற்காதே, செய். எனக்கு எது பார்த்தாயிற்று, எது இன்னும் பார்க்கவில்லை என்பதிலேயே தலை சுற்றும். இத்தனை வருடமாக டொக்டரிடம் கேட்காமல் ஒரு பனடோல் மாத்திரை கொடுத்தாலும் ஏச்சு வாங்கிப் பழகியவள் நான். கை ஒன்று சொல்லும், கம்ப்யூட்டர் ஒன்று சொல்லும். தினமும் அரைவாசிக் கேள்வி பிழைத்தது.

நான் இருந்தது கடுகண்ணாவையில், அக்கா வீட்டில். கண்டி ரோட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். அத்தானுக்கு மோட்டார் சைக்கிள் ஸ்பெயார் பாட்ஸ் கடை. பல வருடத்துச் சீனி வருத்தம் அவருடைய இரண்டு கிட்னியையும் தின்று முடித்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். கடை பாதி நாள் திறந்திருக்கும், பாதி நாள் பூட்டியிருக்கும். ஒரே மகன் கட்டாரில்.

கிட்னி வேலை செய்யாதவருக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே நிற்கும், நெஞ்சில் ஏறும். அதனால் அத்தானுக்கு ஒரு நாளைக்கு ஒரு போத்தல்தான். காலையில் அக்கா அதை நிரப்பி மேசையில் வைப்பாள். தேத்தண்ணி கொடுத்தால் அந்த அளவு போத்தலிலிருந்து குறையும், கஞ்சி கொடுத்தாலும் குறையும். அத்தான் நல்ல மனிதர், கடன் கேட்டு வந்தவனுக்குச் சட்டைப் பையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிற ஆள். ஆனால் அந்தப் போத்தல் விஷயத்தில் அவரைப் போல ஒரு கஞ்சனைப் பார்க்க முடியாது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்த களைப்பில், பார்க்காமல் அதிலிருந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டேன். பொழுது சாயும்வரை என்னோடு பேசவில்லை. பிறகு பேசியபோதும், "திருடி" என்றுதான் தொடங்கினார்.

எனக்குக் கேள்வி கேட்கிற வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். சாய்வுக் கதிரையில் படுத்துக்கொண்டு என் போனைக் கையில் வைத்திருப்பார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்து, தனக்கு விளங்கிய மாதிரி தமிழில் சொல்லுவார். என் விடையைக் கேட்பதற்கு முன் தன் விடையைச் சொல்லுவார். அது எப்போதும் பிழையாகத்தான் இருக்கும்.

"ஒராளுக்கு மூச்சு வாங்குது, ஒராளுக்கு கால் வலி, ஒராள் வீட்டுக்குப் போகணும்னு நிக்கிறாரு, ஒராளுக்கு ஊசி நேரம். மொதல்ல யார பாக்குறது? நான் சொல்லவா? வீட்டுக்குப் போறவர. பில்லு கட்டாம போயிருவாரு."

"மூச்சு வாங்குறவர, அத்தான்."

"அப்ப பில்ல யாரு கட்டுறது?"

நோயாளியோடு எப்படிப் பேச வேண்டும் என்றும் கேள்விகள் வரும். அவைதான் அவருக்கு ரொம்பப் பிடித்தவை. தானே நோயாளியாக மாறிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, குரலை இழுத்து, "எனக்குச் சாகப் பயமா இருக்கு மிஸ்" என்பார். சரியான விடை இப்படி இருக்க வேண்டும்: 'சாவைப் பற்றி உங்களுக்குப் பயம் இருப்பது போலத் தெரிகிறது. அதைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்.' பயப்படாதீங்க என்று சொல்லக்கூடாது. ஏன் பயப்படுறீங்க என்று கேட்கவும் கூடாது. இரண்டுக்கும் முட்டைதான்.

"நான் சொன்னதயே எனக்குத் திருப்பிச் சொல்றதுக்கா அந்த நாட்டுல சம்பளம் குடுக்குறானுங்க?" என்று அத்தான் சிரிப்பார்.

குசினியிலிருந்து அக்கா குரல் வரும். "ஒன்னும் ஆகாது, பேசாம படுங்கனு சொல்லு புள்ள. அதவிட என்னா வேணும் ஒரு மனுசனுக்கு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. எனக்கு லீவு. காலையிலிருந்து அறைக்கதவைச் சாத்தி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒன்லைன் வகுப்பில் இருந்தேன். பொட்டாசியம் பற்றிய பாடம். கிட்னி போனவருக்கு வாழைப்பழம் கூடாது, தோடம்பழம் கூடாது. இதெல்லாம் அக்காவுக்கு நான் எப்போதோ சொல்லிக் கொடுத்ததுதான். தம்பிலி கூடாது என்றபோது மட்டும் அவள் நம்பவில்லை. நோயாளிக்குத் தம்பிலி கூடாது என்று சொல்கிற நர்ஸ் எங்கே படித்தவளோ என்று என்னைப் பார்த்தாள். ஆனாலும் கேட்டு நடந்தாள். அத்தானை அவள் அப்படிப் பார்த்துக்கொண்டாள்.

பத்து மணி போல அத்தான் தாகம் என்று புலம்பத் தொடங்கியிருக்கிறார். போத்தலைத் தொடவும் மனமில்லை, பகல் முழுக்க மிச்சம் இருக்கிறதே. பக்கத்து வீட்டுச் சிங்களவர் ஒருவர், த்ரீவீலர் ஓட்டுகிறவர். அவர் வீட்டு வேலியோரம் ஒரு காமரங்காய் மரம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல இருக்கும் அந்தப் புளிப்புப் பழம். மரம் நிறையக் காய்த்து, ஒரு பை நிறைய அக்காவுக்குக் கொடுத்திருந்தார். மெஷின் அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா, சீனி வருத்தத்துக்கு அதன் சாறு நல்லது, புளிப்பு தாகத்தையும் அடக்கும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா யோசித்தாள். வாழைப்பழம் இல்லை, தோடம்பழம் இல்லை, தம்பிலி இல்லை. தங்கச்சி இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. சீனி போடாமல் அடித்து ஒரு கிளாஸ் கொடுத்தாள். அத்தான் ஒரே மூச்சில் குடித்திருக்கிறார்.

நான் சாப்பிட வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். போத்தலைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா நர்சம்மா, பாதிப் போத்தலு மிச்சம் புடிச்சிருக்கேன்."

எப்படி என்று நான் கேட்கவில்லை. பசி.

சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது விக்கல் வந்தது.

விக்கல் வந்தால் எங்கள் வீட்டில் வைத்தியம் இல்லை, விசாரணைதான். யாரோ நினைக்கிறார்கள். யார் என்று பெயர் சொல்ல வேண்டும், சரியான ஆளைச் சொன்னதும் விக்கல் நிற்கும். அக்கா தன் மாமியாரிலிருந்து தொடங்கினாள். நிற்கவில்லை. மாத்தளையில் இருக்கிற சின்ன நாத்தனார். இல்லை. அத்தானின் பழைய சிநேகிதன், அக்குறணையில் டயர் கடை வைத்திருக்கிறவர். அவருக்கு அத்தான் ஒரு டயருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதால் அவர் நினைக்க நிறைய நியாயம் இருந்தது. அவரும் இல்லை. கடைசியில் அக்கா மகன் பெயரைச் சொன்னாள். தற்செயலாக அந்த நேரம் விக்கல் கொஞ்சம் நின்றது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. உடனே கட்டாருக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்தாள்.

"தம்பி, அப்பாவ நெனச்சியா?"

"தூங்கிக்கிட்டு இருந்தேன்மா."

"தூக்கத்துல நெனச்சிருக்கான்" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். அதற்குள் விக்கல் திரும்ப வந்துவிட்டது. இப்போது மகன் விடாமல் நினைக்கிறான் என்று அர்த்தம். அக்காவுக்கு அதில் பெருமைதான். மிச்சம் பிடித்த தண்ணீரை அத்தான் ஒவ்வொரு மடக்காகக் குடித்துப் பார்த்தார். பாதிப் போத்தல் காலியானதுதான் மிச்சம்.

எனக்கு எரிச்சல். படிக்க வேண்டியது மலை போல இருந்தது, விக்கலோ சுவர்க்கடிகாரம் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்கிற எங்கள் வரிசையில் விக்கலுக்கு இடமே இல்லை. இரவானால் தானாக நிற்கும் என்று நினைத்தேன். நான் நர்ஸ், நான் நினைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்காவும் நினைத்தாள்.

தேத்தண்ணி நேரத்துக்கு நானே போனைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். கேள்வி கேட்கத் தொடங்கினால் விக்கலை மறந்துவிடுவார் என்று.

வாசித்தார். ஒருவருக்கு ஒப்பரேஷன் செய்து மறுநாள், வலி. ஒருவர் சீனி வருத்தக்காரர், வீட்டுக்குப் போகப் போகிறவர், சாப்பாடு பற்றிக் கேட்க வேண்டுமாம். ஒருவருக்குச் சளி, காய்ச்சல். ஒருவர் கிட்னி நோயாளி, காலையில் நன்றாகப் பேசியவர், இப்போது இடம் தெரியாமல் குழம்பிப் பேசுகிறார். முதலில் யாரைப் பார்ப்பது?

"கிட்னி நோயாளிய. புதுசா வந்த கொழப்பம்னா எப்பவும் அதுதான் முதல்" என்றேன். இந்த ஒரு விதி எனக்குத் தூக்கத்திலும் வரும்.

சரி என்றோ பிழை என்றோ சொல்லவில்லை. விக்கினார். திரும்ப வாசித்தார். ஒருவருக்கு ஒப்பரேஷன் செய்து மறுநாள்...

"இது இப்பதானே கேட்டீங்க. கிட்னி நோயாளி."

தலையை ஆட்டினார். விரலால் போனைத் தேய்த்தார். ஒருவருக்கு ஒப்பரேஷன் செய்து மறுநாள்...

அவர் என்னைக் குழப்பிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முன்பும் செய்திருக்கிறார். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பார், நான் சந்தேகப்பட்டு விடையை மாற்றுவேன், மாற்றியதும் கைதட்டுவார். அந்தத் தந்திரம் வேலை செய்யத்தான் செய்தது. ஒருவேளை வலிதான் முதலோ? கிட்னி நோயாளிக்குக் குழப்பம் எதிர்பார்த்ததுதானே? அப்படியானால் அது முதல் இல்லையே? மூன்றாம் தடவை விடையை மாற்றிச் சொன்னேன். அவர் கைதட்டவில்லை.

"அத்தான், வெளையாடாதீங்க. எனக்குப் பரீட்ச கிட்ட வருது."

என்னை நிமிர்ந்து பார்த்தார். மிகவும் மரியாதையாக, முன்பின் தெரியாதவளிடம் கேட்பது போலக் கேட்டார்: "நீங்க எந்த வார்ட்டு மிஸ்?"

நான் சிரித்துவிட்டேன். வழக்கமாக நோயாளி வேஷம் போடுகிறவர்தானே. அக்காவும் குசினியிலிருந்து சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. போனைத் திரும்ப எடுத்து வாசிக்கத் தொடங்கினார். போன் அவர் கையில் தலைகீழாக இருந்தது.

போனை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஒழுங்காகச் சொல்ல இன்றைக்கும் என்னால் முடியவில்லை. முதலில் நோயாளியைப் பார். பார்த்தேன். சீனி குறைந்துவிட்டதோ என்று விரலில் குத்தினேன், குறையவில்லை. பிரஷர் கட்டினேன், வழக்கமாக இருப்பதுதான். பாரிசவாதமோ என்று இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், தூக்கினார். விரல்கள் மட்டும் துடித்தன. சிரிக்கச் சொன்னேன், விக்கினார். மெஷினில் போட்டது வெள்ளிக்கிழமை, அடுத்தது செவ்வாய், தவறவிடவும் இல்லை. எதைப் பார்த்தாலும் அது இல்லை. பார்த்து முடிந்ததா, இன்னும் பார்க்க வேண்டுமா? ஆம்புலன்சா, டொக்டருக்குக் கோலா, கட்டிலில் படுக்க வைப்பதா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதா? நான்கும் சரியாகத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் நர்ஸாக இருந்து, சொந்த அத்தானுக்கு முன்னால் ஒன்றும் தெரியாத ஒருத்தியாக நின்றேன்.

அப்போதுதான் ஜன்னல் கட்டையில் அந்தக் கிளாசைப் பார்த்தேன். அடியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"அக்கா, காலையில என்னா குடுத்த?"

"காமரங்கா. சீனி போடலடி." கெட்டிக்காரத்தனமாக ஒன்றைச் செய்துவிட்டவள் போலச் சொன்னாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழமும் விக்கலும் குழப்பமும் என் மண்டையில் ஒன்றோடொன்று சேரவில்லை. விட்டேன் விதிகளை. டொக்டருக்கு அல்ல, அத்தானை மெஷினில் போடும் இடத்துக்கே போன் செய்தேன். எடுத்த நர்ஸ் மிஸ்ஸிடம் சிங்களத்தில் சொன்னேன், குழம்பிப் பேசுகிறார், மத்தியானத்திலிருந்து விக்கல் நிற்கவில்லை என்று. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என்ன சாப்பிட்டார்? சொன்னேன். உடனே, "பேசிக்கொண்டு நிற்காதே, இப்பவே கொண்டு வா, நான் டொக்டரிடம் சொல்லி மெஷினைத் தயார் செய்கிறேன்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரரின் த்ரீவீலர் கேட்டில் நின்றது. அத்தானை நடுவில் வைத்து அக்காவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பிலிமத்தலாவையில் ஞாயிற்றுக்கிழமைச் சனம், பேராதனைப் பாலத்தில் பஸ் வரிசை. அந்த மனிதர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டே, "நாங்க டெய்லி தின்றது தானே மிஸ், புள்ளைங்களும் தின்றது தானே" என்று உடைந்த தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய மரத்துப் பழம். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அத்தான் ஒவ்வொரு விக்கலுக்கும் தூக்கிப் போட்டார். அக்கா அவர் காதுக்குக் கிட்டக் குனிந்து பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். மகன், மாமியார், நாத்தனார், செத்துப்போன எங்கள் அப்பா. தெரிந்த பெயரெல்லாம் முடிந்த பிறகு, சாமிகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.

மெஷினில் போட்டார்கள். கதவைச் சாத்துவதற்கு முன் போனில் பேசிய மிஸ் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். அந்தப் பழத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது. நல்ல கிட்னி அதைச் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும். இவருக்கு அந்த வழி இல்லை, அதனால் மூளைக்கு ஏறியிருக்கிறது. விக்கல்தான் அதன் முதல் அடையாளம். வலிப்பு வராமல் இருந்தால் நல்லது, இன்றைக்குத் தாண்டினால் பார்க்கலாம். சிங்களத்தில்தான் சொன்னார். அக்காவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடுத்ததாலதானே?" என்றாள்.

இப்படி ஒரு கேள்விக்குத்தான் நான் மாதக்கணக்கில் படித்திருந்தேன். பொய் ஆறுதல் சொல்லாதே. ஏன் கொடுத்தாய் என்று கேட்காதே. அவள் மனதில் இருப்பதை அவளுக்கே எடுத்துச் சொல். வேறு எதுவும் என் வாயில் வராத நேரத்தில் அது வந்தது.

"நீ குடுத்ததாலதான் இப்படி ஆச்சோனு பயப்படுறியா அக்கா?"

"அதத்தானடி கேக்குறேன்!" என்று அக்கா கத்தினாள். வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஒன்னும் ஆகாதுக்கா, ஒன்னும் ஆகாது" என்றேன். பரீட்சையில் முட்டை வாங்கும் விடை. ஆகாது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் அதைக் கேட்ட பிறகுதான் அவள் என் தோளில் சாய்ந்தாள்.

மறுநாள் காலையில் விக்கல் நின்றிருந்தது. இன்னொரு தடவையும் மெஷினில் போட்டார்கள். அதற்கும் அடுத்த நாள் அத்தான் என்னைப் பார்த்து, "நர்சம்மா, இன்னைக்குக் கேள்வி ஒன்னும் இல்லையா?" என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தம் போட்டு அழுதேன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. என்ன நடந்தது என்று டொக்டர் அவருக்குச் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டார், அக்காவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தார். பழைய அக்காதான் வரவில்லை என்று சொல்ல வேண்டும். சமைப்பாள், ஆனால் அவருக்குப் பரிமாற மாட்டாள். "புள்ள, அவருக்குப் போடு" என்று என்னைக் கூப்பிடுவாள். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். காலையில் போத்தலை நிரப்புவதும் என் வேலையாயிற்று. வெறும் தண்ணீர். அதைக்கூட அவள் தொடவில்லை. நான் காலை ஷிப்டுக்குப் போகும் நாட்களில், பக்கத்து வீட்டு அம்மாவை வேலிக்கு மேலால் கூப்பிட்டு அவருக்குச் சோறு போடச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா, அந்தப் பழத்தின் மேலா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத அத்தான் மேலா என்று தெரியவில்லை. மற்ற நேரம் ரயிலை விட அதிகம் சத்தம் போடுகிற மனிதர். கல்லைப் போல உட்கார்ந்திருந்தார்.

பரீட்சையைத் தள்ளிப் போட்டேன். புத்தகத்தைத் திறந்தால் எல்லாக் கேள்வியிலும் எங்கள் வீட்டு ஆட்களே நின்றார்கள். ஒருவர் மெஷினில் இருந்து பிழைத்து வந்தவர், இப்போது நிலையாக இருக்கிறார். ஒருத்தி சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, தன் கைக்குத் தானே பயப்படுகிறாள். முதலில் யாரைப் பார்ப்பது? எனக்குத் தெரிந்தது. பார்த்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இரண்டு தடவை அக்காவிடம் பேசப் போனேன். பரீட்சை சொன்னபடி ஒரு தடவை, எங்கள் வீட்டு முறைப்படி ஒரு தடவை. இரண்டு தடவையும் வெங்காயம் வெட்ட வேண்டும் என்று எழும்பிப் போய்விட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் மூவரும் முன்னறையில் இருந்தோம். நான் கேள்வி படிக்கவில்லை, சும்மா போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் கதிரையில். அக்கா தூரத்தில் நிலத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று அக்காவுக்கு விக்கல் எடுத்தது.

இரண்டாவது விக்கல் வந்தது. அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், ஏதோ கெட்ட வார்த்தை வந்துவிட்டது போல. அவளுக்குக் கிட்னி நன்றாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன். யார் பெயரையும் யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இனி அதை விளையாட்டாகச் சொல்ல எங்களுக்குத் துணிவு இல்லை. மூன்றாவது விக்கல்.

அத்தான் கதிரையிலிருந்து எழும்பினார். மேசையில் போத்தல் இருந்தது. அன்று வெயில் அதிகம், பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டையை நனைத்து, இரவுக்கென்று அடியில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தார். மூடியைத் திறந்தார். அக்காவுக்கு முன்னால் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிலத்தில் உட்கார்ந்து, போத்தலை நீட்டினார்.

"இந்தா குடி. நான்தான் நெனச்சேன்."

"அது உங்க தண்ணி."

"தெரியும். குடி புள்ள."

அக்கா என்னைப் பார்த்தாள். குசினியில் குழாய் இருக்கிறது, தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வாங்கி அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தாள். திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள், அவர் வாங்கவில்லை. மிச்சத்தையும் குடித்தாள். விக்கல் நின்றதா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை, அக்கா அழத் தொடங்கியிருந்தாள். அத்தான் நிலத்தில் உட்கார்ந்தபடியே ஆயாத கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஆயத் தெரியாமல் ஆய்ந்தார்.

மறுநாள் காலை போத்தலை நிரப்ப நான் எழும்பி வந்தேன். அது முன்பே நிரம்பி, மேசையில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.